விடுமுறை பிரஞ்ச்: மேசையில் மணிக்கணக்கில் நிற்கும் சைடு டிஷ்கள்

காலை உணவும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் நடுவில் நடக்கும் பிரஞ்ச் விருந்தை யாரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதில்லை. ஒருவர் காபியோடு நிறுத்திக்கொள்ள, இன்னொருவர் இரண்டாவது சுற்றுக்கு உட்காருவார். சாப்பாடு மூன்று மணி நேரம் இழுக்கும். சூடாக வரும் பிரதான உணவு சூடு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். கடைசி வரை மேசையில் கிடப்பவை சைடு டிஷ்கள்தான். அதனால் எதைச் செய்வது என்று முடிவு செய்யும்போது, ருசியோடு அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு இந்த வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில், வெளியே 32 டிகிரியைத் தாண்டினால், 1 மணி நேரம்தான். ‘மொத்தம்’ என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அடுப்படியில் ஆறிய அரை மணி நேரமும் இதில் சேரும். எளிய வழி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சிறிய பாத்திரங்களில் பிரித்து, ஒன்றை மேசையிலும் மற்றதை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் ஓவனிலோ ஃபிரிட்ஜிலோ வைப்பது. பாதி தீர்ந்த பாத்திரத்தில் புதியதைக் கொட்டாதீர்கள். பாத்திரத்தையே மாற்றுங்கள்.

முந்தைய இரவே தயார் செய்து வைக்க ரொட்டி முட்டை பேக் மாதிரி வசதியானது வேறில்லை. 23 × 33 செ.மீ. தட்டுக்கு 8 முட்டை, 480 மி.லி. பால், ஒரு நாள் பழைய ரொட்டித் துண்டுகள் 300 கிராம், துருவிய சீஸ் 150 கிராம், வதக்கிய காய் 300 கிராம், முக்கால் டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள். புது ரொட்டி போட்டால் கூழாகிவிடும். முட்டையையும் பாலையும் உப்பு, மிளகோடு அடித்து, தட்டில் பரப்பிய மற்றவற்றின் மேல் ஊற்றி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் 175 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனில் அப்படியே வைத்தால் விரிசல் விடலாம். உலோகத் தட்டு என்றால் இந்தக் கவலை இல்லை. நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். ஓரம் பொன்னிறமானதை நம்பி எடுத்துவிடுகிறார்கள், நடுவில் முட்டை பச்சையாகவே இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நடுவில் கத்தியை இறக்கிப் பாருங்கள், திரவமாக எதுவும் ஒட்டக் கூடாது.

இதில் அடிக்கடி வரும் புகார், வெட்டினால் அடியில் தண்ணீர் தேங்குவது. காரணம் இரண்டு. மேற்பகுதி வழவழவென்று நன்றாக இருந்து அடி மட்டும் நனைந்திருந்தால், காய் விட்ட தண்ணீர். காளான், கீரை, தக்காளி மூன்றும் இதைச் செய்யும். ஈரம் முழுக்க வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். முட்டை முழுவதும் சிறு சிறு ஓட்டைகளோடு ரப்பர் போல இருந்தால், அது அதிக நேரம் வெந்துவிட்டது. புரதம் இறுகித் தன்னுள் இருந்த நீரை வெளியே தள்ளியிருக்கிறது. முதலாவதற்கு இன்னும் பத்து நிமிடம் ஓவனில் வைப்பது, இரண்டாவது கோளாறையும் சேர்த்துக் கொண்டுவரும்.

வறுத்த உருளைக்கிழங்குக்கு ஒன்றரைக் கிலோ கிழங்கு, 3 செ.மீ. துண்டுகளாக. குளிர்ந்த 2 லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம் வேகவிடுங்கள். சோடா மேற்பரப்பைச் சற்றுக் கரைப்பதால், வடித்த பின் பாத்திரத்தைக் குலுக்கினால் துண்டுகள் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் பின்னால் மொறுமொறுப்பு. ஈரம் ஆவியாகும்வரை விட்டு, 4 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 220 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. ஒரே தட்டில் நெருக்கி அடுக்கினால் வறுபடாது, ஆவியில்தான் வேகும். பூண்டைக் கடைசி 10 நிமிடத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். மேசைக்கு அனுப்பும்போது ஃபாயில் போட்டு மூடினால் மொறுமொறுப்பு அத்தோடு போயிற்று.

ஃபாயில் பற்றி இன்னொன்று. முழு உருளைக்கிழங்கை ஃபாயிலில் சுற்றிச் சுட்டு, சுற்றியபடியே வெளியில் ஆறவிடுவது ஆபத்து. போட்யுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள்கள் (அது உறங்கிக் கிடக்கும் வடிவம்) ஓவன் சூட்டில் சாகாது. காற்றுப் புகாத ஈரமான சூழலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் ஊறப்போட்ட பச்சைப் பூண்டை அறை வெப்பத்தில் வைப்பதும் இதே கணக்குத்தான்.

பழக் கலவையை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. முலாம்பழம், தர்பூசணியின் தோலை வெட்டும் முன் கழுவித் துடைக்க வேண்டும். தோலில் உள்ளதைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. வெட்டிய பழக் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் தேன், அதுவும் பரிமாறும் முன் கால் மணி நேரத்தில். முன்கூட்டிச் சேர்த்தால் இனிப்பு நீரை இழுத்துக் கலவை நீர்த்துவிடும். பச்சைக் கிவியும் அன்னாசியும் தயிரோடு சேர்ந்தால் அவற்றின் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பேற்றும், எனவே தயிரைத் தனியாக வையுங்கள். வெள்ளரித் தயிர் டிப்புக்குத் துருவிய வெள்ளரியில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு 15 நிமிடம் கழித்துப் பிழிந்து சேர்த்தால் போதும்.

மிஞ்சியதில் ஓவனிலும் ஃபிரிட்ஜிலும் காத்திருந்தது மட்டுமே மறுநாளுக்கு. சூடானதை 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாத ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து, முழுக்க ஆறும்வரை காத்திராமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்; மறுபடி சூடாக்கும்போது 74 டிகிரி. மேசையில் மூன்று மணி நேரம் கிடந்ததைக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாமே என்று கேட்பார்கள். கைகளிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி சூட்டில் சாகும், அது ஏற்கெனவே விட்ட நஞ்சு சாகாது. அதைக் குப்பையில் போடுங்கள்.