ஹிஸ்பானிக் ஹெரிட்டேஜ்: இரண்டு ஊமை எழுத்தும் ஒரு முதுசொமும்

'ஹிஸ்பானிக் ஹெரிட்டேஜ்' என்ற சொற்றொடரில் இரண்டு 'ஹ' இருக்கிறது. ஸ்பானிஷ் மொழியில் இரண்டுமே ஊமை. எழுதுவார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பேச்சில் இது 'எரென்சியா இஸ்பானா'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லில் வைத்து 'எரென்தியா' என்பார்கள். 'ஹ' நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்த சத்தம். கிரந்தம் வேண்டாம் என்று 'இசுப்பானிய' என எழுதுகிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. இந்த ஒரு சொல்லில் அவர்தான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்களைப் போற்றி, இந்தப் பெயரில் ஒரு மாதம் கொண்டாடுகிறார்கள். 1968 இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரமாகத் தொடங்கியது, 1988 இல் ரீகன் காலத்தில் மாதமானது. மாத நடுவில் ஏன் தொடங்குகிறது? குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளும் 1821 செப்டம்பர் 15 அன்று விடுதலை பெற்றன. செப்டம்பர் 16 மெக்சிகோவின் விடுதலை நாள், 18 சிலியுடையது; அவை இரண்டும் 1810 ஆம் ஆண்டை நினைவுகூர்பவை. இந்த நாட்களில் பள்ளியிலும் நூலகத்திலும் பேச எழுந்திருப்பவர்களில் பலர் பெரிய தலைவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டி, அப்பா, அத்தை என்று வீட்டு ஆட்களைத்தான் சொல்கிறார்கள்.

நம் செய்திகளில் இதை 'ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம்' என்றோ 'ஹிஸ்பானிக் இனத்தவர் மாதம்' என்றோ எழுதுகிறோம். முதலாவது அரைக்கிணறு. இரண்டாவது பிழை.

முதலில் 'ஹிஸ்பானிக்'. ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த தீபகற்பத்துக்கு ரோமானியர் வைத்த பெயர் 'ஹிஸ்பானியா'. அதுவே தேய்ந்து 'எஸ்பான்யா' ஆனது, அதுதான் ஆங்கிலத்தின் ஸ்பெயின். ரோமானியருக்கு முன்னால் அங்கே கடல்வழி வந்த பினீசியர்கள் முயல்களைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் பாறை இடுக்கில் வாழும் ஒரு சிறு விலங்கின் பெயரால் அந்த நிலத்தை அழைத்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. உறுதியானதல்ல, பல கருத்துகளில் ஒன்று. ஆனால் பேரரசர் ஹாட்ரியன் வெளியிட்ட நாணயத்தில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாகச் சாய்ந்திருக்க, பக்கத்தில் ஒரு முயல் இருக்கிறது. அது போதும் எனக்கு.

அந்தப் பழைய சொல் அமெரிக்க அலுவலகத் தாளில் ஏறியது அண்மையில்தான். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்பதை ஓர் இனமாகவே எழுதினார்கள். 1976 இல் ஸ்பானிஷ் வழிவந்த அமெரிக்கர்களைப் பற்றித் தனியாகப் புள்ளிவிவரம் திரட்ட ஒரு சட்டம் வந்தது. 1980 கணக்கெடுப்பில் எல்லா வீட்டுக்கும் அந்தக் கேள்வி போனது. அது முதல் 2020 வரை 'நீங்கள் ஹிஸ்பானிக்கா' என்பது ஒரு கேள்வி, 'உங்கள் இனம் என்ன' என்பது தனிக் கேள்வி. 2024 இல்தான் இரண்டையும் ஒன்றாக்கும்படி விதியை மாற்றினார்கள். கறுப்பராகவும் வெள்ளையராகவும் பூர்வகுடியாகவும் இருந்துகொண்டே ஒருவர் ஹிஸ்பானிக் ஆகலாம். 2020 இல் தங்களை ஹிஸ்பானிக் என்று சொன்னவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். 'லத்தீனோ', அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர், இதற்கு அடுத்த வீடு: பிரேசில்காரர் லத்தீனோ, போர்ச்சுகீஸ் பேசுவதால் ஹிஸ்பானிக் அல்ல, மாட்ரிட்காரர் ஹிஸ்பானிக், லத்தீனோ அல்ல.

'இனத்தவர்' ஏன் பிழை என்று புரிய மெண்டஸ் குடும்பத்தைப் பார்த்தால் போதும். 1940-களில் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்தது. கொன்சாலோ மெண்டஸ் மெக்சிகோவில் பிறந்தவர், அவர் மனைவி ஃபெலிசிதாஸ் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். கொன்சாலோவுடன் பிறந்தவரான சோலெதாத் விதௌர்ரி, தன் பிள்ளைகளையும் தம்பதியின் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு பள்ளியில் சேர்க்கப் போனார். வெளுத்த நிறமும், மெக்சிகன் போல ஒலிக்காத விதௌர்ரி என்ற பெயரும் இருந்ததால் அவருடைய பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்றார்கள். மெண்டஸ் பிள்ளைகள் 'மெக்சிகன் பள்ளி'க்குப் போகட்டும் என்றார்கள். அத்தை யாரையும் சேர்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார். கொன்சாலோ 1945 இல் வழக்குப் போட்டார், 1946 இல் வென்றார், 1947 இல் மேல்முறையீட்டிலும் வென்றார். நாடு முழுவதும் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. அன்றைக்குப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தியான சில்வியா மெண்டஸ் பின்னாளில் செவிலியராக வேலை செய்து ஓய்வு பெற்று, அப்பா அம்மாவின் கதையை ஊர் ஊராகப் பள்ளிகளில் சொல்லி வந்தார். 2011 இல் ஒபாமா அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளி வாசலில் இரண்டு 'இனம்'. அதனால்தான் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. 'வம்சாவளியினர்' என்பதும் ரத்தத்தைத்தான் காட்டுகிறது. 'ஸ்பானியர்' என்றால் ஸ்பெயின் நாட்டவர் ஆகிவிடும். 'ஸ்பானிஷ் பேசுவோர்' என்றும் வைக்க முடியாது, ஏனென்றால் மூன்றாம் தலைமுறைப் பேரனுக்குப் பல நேரம் அந்த மொழி வராது, பாட்டி திட்டினால் மட்டும் புரியும். என் தேர்வு 'எசுப்பானிய மொழிமரபினர்'. கொஞ்சம் நீளம். தலைப்பில் இடமில்லையென்றால் 'ஹிஸ்பானிக் மக்கள்' என்றே விட்டுவிடலாம், 'இனத்தவர்' மட்டும் வேண்டாம்.

சரி, 'ஹெரிட்டேஜ்'. இதற்குப் 'பாரம்பரியம்' என்று போட்டுவிடுகிறோம். ஆனால் இன்றைய தமிழில் பாரம்பரியம் என்றதும் பாரம்பரிய உடை, பாரம்பரிய அரிசி, பாரம்பரிய சமையல் என்று விளம்பரப் பலகை கண்முன் வருகிறது. ஸ்பானிஷில் 'எரென்சியா' கண்காட்சிச் சொல் அல்ல. அப்பா விட்டுப்போன வீடு, பாட்டி எழுதிவைத்த நிலம், மூக்கும் நெற்றியும் யார் ஜாடை என்பது, எல்லாம் எரென்சியாதான். லத்தீனில் இதன் வேர் 'ஹைரேரே', ஒட்டிக்கொண்டிருத்தல். வாரிசுரிமையைக் குறித்த இன்னொரு லத்தீன் சொல்லின் சாயலும் பின்னால் சேர்ந்துகொண்டு, 'ஒட்டியிருப்பவை' என்பது 'நமக்கு விட்டுச்செல்லப்பட்டவை' ஆனது.

சோனியா சோட்டோமயோர் 2009 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் ஹிஸ்பானிக் நீதிபதியானார். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு வந்த குடும்பம். ஒன்பது வயதில் அப்பா இறந்தார். செவிலியரான அம்மா செலீனா வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அந்தச் சம்பளத்தில் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா முழுத் தொகுதியும் வாங்கிப் போட்டார். நியமனம் அறிவித்த அன்று வெள்ளை மாளிகையில் மகள் சொன்னது: நான் என்னவாக இருக்கிறேனோ அதெல்லாம் அம்மாவால், அவரில் பாதிதான் நான். அந்தப் புத்தக வரிசையைப் பாரம்பரியம் என்று சொன்னால் பொருந்துமா? சொத்து என்றால் பொருந்தும்.

இதற்கு ஈழத் தமிழில் அச்சொட்டான சொல் இருக்கிறது: முதுசொம். யாழ்ப்பாணத்தில் முதுசம் என்றும் சொல்வார்கள். 1707 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், முன்னோர் வழியாகக் கைக்கு வந்த சொத்து முதுசம், கணவன் மனைவி சேர்ந்து சம்பாதித்தது தேடியதேட்டம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். காணிக் கணக்குச் சொல்லாக இருந்த முதுசொம், பின்னால் பழைய ஏடு, பாட்டு, வழக்கம் எல்லாவற்றுக்கும் ஆகி வந்தது. எரென்சியாவும் இதே போலத்தான் பத்திரத்திலிருந்து பண்பாட்டுக்கு வந்தது. 'சொம்' என்பதில் வடமொழி 'ஸ்வம்' ஒளிந்திருக்கிறது என்பவர்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பொதுவான இடத்தில் 'மரபு' போதும். வீட்டு ஆட்கள் விட்டுச்சென்றதைச் சொல்லும்போது முதுசொம்தான் சரி.

ஸ்பானிஷ் பெயரிலேயே ஒரு முதுசொம் தொங்கும். முதலில் அப்பாவின் குடும்பப் பெயர், அப்புறம் அம்மாவுடையது. புவேர்ட்டோ ரிக்கோவின் பேஸ்பால் வீரர் ரொபெர்ட்டோ கிளெமெந்தே, அம்மா லூயிசா வாக்கரின் பெயரையும் சேர்த்தால் கிளெமெந்தே வாக்கர். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து இறந்தார். மறு ஆண்டு பேஸ்பால் புகழ்மண்டபத்தில் வைத்த பலகையில் வரிசையை மாற்றி 'ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமெந்தே' என்று பொறித்துவிட்டார்கள். 2000 இல்தான் திருத்திப் புதுப் பலகை வைத்தார்கள். ஒற்றை இனிஷியலோடு வளர்ந்த நமக்கும் அம்மாவின் எழுத்தை எங்கே சேர்ப்பது என்ற குழப்பம் புதிதல்ல.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு உறவுப்பெயர்தான் பெரிய பொறி. 'அபுவேலா' பாட்டி. லத்தீன் 'அவியா'வைச் செல்லமாக்கிப் பிறந்த சொல் அது, அதையும் செல்லமாக்கி 'அபுவேலித்தா' என்கிறார்கள். செல்லத்துக்கு மேல் செல்லம். ஆனால் அப்பத்தாவா அம்மாச்சியா என்று அது சொல்லாது. 'தீயா' என்பது அத்தை, சித்தி, பெரியம்மா மூவருக்கும் ஒரே சொல். சோலெதாத் கொன்சாலோவுடன் பிறந்தவர் என்று தெரிந்ததால்தான் மேலே அத்தை என்று எழுத முடிந்தது. ஒரே ஒரு சொல்லில் மட்டும் நமக்குத் திண்டாட்டம் இல்லை. மகனுடைய மாமனாரை அப்பா 'கொன்சுவேக்ரோ' என்பார். அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. நமக்கு உண்டு, சம்பந்தி.