ஆட்டுனைட்: ஒளிர்வது ஒன்று, கதிர் வீசுவது இன்னொன்று

புதுச்சேரிக் கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு டம்ளரில் டானிக் வாட்டர் என்ற கசப்பு சோடாவை ஊற்றி, அறையை இருட்டாக்கி, விளக்கைக் காட்டுங்கள். தண்ணீர் நீலமாக ஒளிரும். அதிலுள்ள குயினைன் செய்யும் வேலை அது. இப்போது ஒரு ஸ்பூன் சமையல் உப்பை மெல்லப் போடுங்கள். நுரை பொங்கி அடங்கும்போது நீல ஒளியும் ஏறக்குறைய அணைந்திருக்கும். குயினைன் எங்கும் போகவில்லை. உப்பிலுள்ள குளோரைடு, குயினைன் ஒளியாக விட வேண்டிய ஆற்றலை வழியிலேயே பறித்துக்கொள்கிறது. இந்த அணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் கிணறுகளுக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

யுரேனியக் கனிமங்களில் மிகப் பளிச்சென்று ஒளிர்பவற்றில் ஒன்று ஆட்டுனைட். பகலில் எலுமிச்சை மஞ்சள். புற ஊதா ஒளியில் கண்ணைப் பறிக்கும் மஞ்சட்பச்சை. பெயர் பிரான்சின் சோன்-எ-லுவார் மாவட்டத்து ஊரான ஓத்தனிலிருந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் சரியாக உச்சரித்துவிடுவார்கள். ஆங்கிலம் வழியாக வந்ததால்தான் நம்மிடம் 'ஆட்டுனைட்' ஆனது. கனிமத்துக்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது 1852இல். இந்த ஒளிர்வைக் குறிக்கும் 'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லை இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் உருவாக்கியதும் அதே ஆண்டுதான்.

வேதியியல்படி இது நீரேறிய கால்சியம் யுரேனைல் பாஸ்பேட். எடையில் ஏறக்குறைய 48 சதவீதம் யுரேனியம். ஆனாலும் கடினமான கல் அல்ல. மோஸ் அளவில் 2 முதல் 2.5 தான், நகம் பட்டாலே கீறல் விழலாம். யுரேனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து மெல்லிய தகடுகளாகின்றன. தகடுகளுக்கு நடுவே கால்சியமும் 10 முதல் 12 நீர் மூலக்கூறுகளும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் அப்பளம்போல் ஏடு ஏடாகப் பிரிகிறது.

ஒளிர்வது யுரேனியம் தனியாக அல்ல. ஒரு யுரேனிய அணுவும் அதன் இருபுறமும் நேர்கோட்டில் நிற்கும் இரண்டு ஆக்சிஜன்களும் சேர்ந்த யுரேனைல் என்ற கூட்டு அது. புற ஊதா ஒளி பட்டதும் ஆக்சிஜன் பக்கமிருந்து ஓர் எலக்ட்ரான் யுரேனியத்தின் வெறுமையான எலக்ட்ரான் மட்டத்துக்குத் தாவுகிறது. ஆற்றலில் கொஞ்சம் அதிர்வாகக் கரைய, மிச்சம் ஒளியாக வெளிவருகிறது. 365 நானோமீட்டரில் உள்ளே போனது 500க்கு மேல், பச்சையாகத் திரும்புகிறது. எல்லாம் மைக்ரோநொடிக் கணக்கில் முடிவதால், விளக்கை அணைத்த கணமே கல்லும் அணைந்துவிடும். கும்மிருட்டில் வைத்தால் ஆட்டுனைட் தானாக மின்னாது. சினிமாவில் காட்டும் பச்சைப் பளபளப்பு கற்பனை.

கால்சியத்தின் இடத்தில் தாமிரம் உட்கார்ந்தால் அதன் பெயர் டோர்பர்னைட். அதிலும் அதே யுரேனைல், ஏறக்குறைய அதே அளவு யுரேனியம், அதே கதிரியக்கம். ஆனால் அது சாதாரணமாக ஒளிர்வதில்லை. தாமிரம் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. கருப்பான யுரேனிய ஆக்சைடுத் தாதுவான யுரேனினைட்டும் ஒளிராது. அதில் யுரேனியம் பெரும்பாலும் +4 மின்னூட்ட நிலையில் (யுரேனைலில் அது +6) இருப்பதால் யுரேனைல் கூட்டே உருவாவதில்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: கால்சைட்டும் ஃபுளோரைட்டும் அழகாக ஒளிரும், அவற்றுக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஒளிர்வு எலக்ட்ரான்களின் வேலை, கதிரியக்கம் அணுக்கருவின் வேலை.

இந்தக் குழப்பத்தில்தான் கதிரியக்கமே கண்டுபிடிக்கப்பட்டது. ஒளிரும் பொருள்கள் எக்ஸ் கதிர் விடுமா என்று பார்க்க, 1896 பிப்ரவரியில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பைக் கருப்புத்தாள் சுற்றிய ஒளிப்படத் தகட்டின்மேல் வெயிலில் வைத்தார். பாரிசில் வானம் மூடிக்கொண்டது. தகட்டையும் உப்பையும் மேசை இழுப்பறையில் போட்டுவைத்து, மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தார். வெயிலே படாமல் அழுத்தமான நிழல் விழுந்திருந்தது. ஒளிர்வு இல்லாமலே கதிர் வந்திருக்கிறது.

ஒரு கிராம் தூய ஆட்டுனைட்டில் யுரேனியம்-238 அணுக்கள் நொடிக்குச் சுமார் 6,000 சிதைகின்றன. இதன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. சிதைந்து வரும் தோரியம்-234இன் அரை ஆயுள் 24 நாள்தான். ஆகவே கனிமம் உருவான ஆறேழு மாதத்தில் பீட்டா கதிர் முழு அளவை எட்டிவிடும். ரேடியம் வந்து சேர லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், நடுவே நிற்கும் தோரியம்-230இன் அரை ஆயுள் 75,000 ஆண்டு. ஆட்டுனைட் பல இடங்களில் பூமிக் கணக்கில் இளங்கனிமம் என்பதால், ரேடியத்தின் வழிவந்தவை தரும் காமா கதிரை எடைக்கு எடை பழைய யுரேனினைட்டைவிடக் குறைவாகவே காட்டக்கூடும். கதிரை எண்ணும் கைகர் கருவியில் வெறும் உலோகக் குழாய் இருந்தால், தாளே தடுத்துவிடும் ஆல்ஃபா கதிர் உள்ளே நுழையாது, அதற்கு மைக்கா சன்னல் வேண்டும். ஒரு தாளைக் குறுக்கே வைத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் நீங்கள் எண்ணுவது பீட்டாவும் காமாவும்தான்.

கிரானைட், பெக்மடைட் பாறைகளில் யுரேனியத் தாது மழைநீரும் காற்றும் பட்டு ஆக்சிஜனேறிக் கரைகிறது. வழியில் பாஸ்பேட்டைச் சந்தித்தால் ஆட்டுனைட்டாகப் படிகிறது. அமெரிக்காவில் ஸ்போகேன் மலையின் டேபிரேக் சுரங்கம் இதற்குப் பேர்போனது. கடலூர் கேப்பர் மலையின் செம்மணற்கல்லில் ஊதா விளக்கைக் காட்டித் தேடுவது வீண். அந்தச் சிவப்பு இரும்பால் வந்தது, இரும்பும் ஒளிர்வை அணைக்கும். ஆகவே ஒளிரவில்லை என்பது யுரேனியம் இல்லை என்பதற்குச் சான்றும் ஆகாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிபோல் கரிமம் நிறைந்த அடுக்குக்குள் யுரேனியம் வந்தாலும், அது +4 மின்னூட்ட நிலைக்கு இறங்கி ஒளியற்றதாகிவிடும்.

அருங்காட்சியகத்தில் இதைக் காப்பதும் எளிதல்ல. வறண்ட காற்றில் பாதி நீரை இழந்து மெட்டா-ஆட்டுனைட் ஆகும். படிகம் மங்கி, விரிசல் விட்டு, தூளாக உதிரும். கைகழுவ வேண்டியதும் மூக்கை மூட வேண்டியதும் அந்தத் தூளுக்காகத்தான், உடலுக்குள் போகும் ஆல்ஃபாதான் ஆபத்து. மூடிய பெட்டியில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் சேரலாம் என்பதால் காற்றோட்டமான இடத்தில் திறக்க வேண்டும். இந்தியாவில் யுரேனியக் கனிமங்கள் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை; உரிமம் இல்லாமல் தோண்டி எடுப்பதோ விற்பதோ கூடாது.

இதே பச்சை ஒளியை வைத்துத்தான் குடிநீரில் யுரேனியத்தையும் அளக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். புற ஊதா துடிப்பைப் பாய்ச்சியதும் நீரிலுள்ள கரிமப் பொருளும் ஒளிரும், ஆனால் அது நானோநொடிகளில் அடங்கிவிடும். கருவி சற்றுத் தாமதித்துப் பார்த்தால் யுரேனைல் மட்டும் மிஞ்சும். தேவனாம்பட்டினம்போல் கடலை ஒட்டிய ஊர்களில் உப்பேறிய நீர் எடுத்தால்தான் சிக்கல்: டானிக் வாட்டரில் பார்த்த குளோரைடு இங்கும் ஒளியை அணைத்து, அளவைக் குறைத்துக் காட்டும். அதற்காகச் சோடியம் பைரோபாஸ்பேட் கரைசல் சேர்க்கிறார்கள். யுரேனைல் முழுவதும் அதனோடு பிணைந்து, ஒரே சீராக, பிரகாசமாக ஒளிரும். அப்படியும் எஞ்சும் அணைப்பைக் கணக்கில் எடுக்க, அதே நீர் மாதிரியில் தெரிந்த அளவு யுரேனியத்தைச் சேர்த்து மறுபடி அளந்து, ஒளி எவ்வளவு கூடியது என்பதைக் கொண்டு முதல் அளவைக் கணக்கிட வேண்டும். உவர்நீரில் இந்த இரண்டாவது அளவீட்டைத் தவிர்த்துவிட்டு எழுதிய எண்ணை நம்ப முடியாது.