சிக்னல் இல்லை என்பதற்காக டிரெக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். சனிக்கிழமை காலை, லண்டனில் நான் வேலை செய்யும் ஆலோசனை மையத்தின் கதவைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஒரு தம்பி மனைவியோடு வந்து உட்கார்ந்தார். வீடு வாங்க மோர்ட்கேஜ் கேட்டிருக்கிறார்கள், மறுத்துவிட்டார்கள். இருவருக்கும் நிரந்தர வேலை, ஆறு வருடமாகச் சேர்த்த டெபொசிட் காசு, வேறு கடன் எதுவும் இல்லை. கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ஒரேயொரு கெட்ட வரி. ஒரு கைபேசி நிறுவனம் பதிந்த டிஃபோல்ட், அதாவது கட்டவேண்டிய காசைக் கட்டவில்லை என்ற பதிவு, 544 பவுண்.

"அக்கா, அந்த வீட்டுக்குள்ள சிக்னலே இல்லை. பத்துத் தரம் அடிச்சுச் சொன்னனான். அவங்கள் ஒண்டும் செய்யேல்லை. பிறகு நான் டிரெக்ட் டெபிட்டை நிப்பாட்டிப்போட்டன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு, யன்னல் கரையில் நின்றால் ஒரு கோடு காட்டும், இரண்டு எட்டு உள்ளே வந்தால் அதுவும் போய்விடும். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், வேலைத்தலத்திலிருந்து ஷிஃப்ட் மாற்றிக் கூப்பிட்ட கோல்கள் எத்தனையோ தவறியிருக்கின்றன. 24 மாதக் கொன்ட்ராக்ட், மாதம் 32 பவுண், ஏழு மாதம் கட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறார். மீதி 17 மாதம். நியாயம் முழுக்க இவர் பக்கம்தான் இருந்தது. முறையாக முறைப்பாடு செய்திருந்தால் ஒரு சதமும் கட்டாமல் வெளியேற நல்ல வாய்ப்பும் இருந்தது. இப்போது அந்த நியாயத்தைப் பற்றி வங்கிக்கு ஒரு கவலையும் இல்லை, அதன் கண்ணுக்குத் தெரிவது டிஃபோல்ட் மட்டும்தான்.

தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள், நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன விஷயம் இது. டிரெக்ட் டெபிட் என்பது காசு போகும் வழி மட்டும். கொன்ட்ராக்ட் என்பது வேறு. வழியை அடைத்தால் கடன் நிற்காது. ஊரில் கடைக்காரர் கொப்பியில் எழுதிச் சாமான் தருவார் அல்லவா, அந்தக் கடை வாசலால் போவதை நீங்கள் நிறுத்திவிட்டால் கொப்பியில் இருக்கும் கணக்கு அழிந்துவிடுமா? அதேதான் இங்கேயும். "அவன் சேவை தரவில்லை, நான் காசு தரவில்லை, சரிக்குச் சரி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் சேவை தரவில்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், வேறு யாரும் இன்னும் சொல்லவில்லை, எழுத்தில் எங்கும் இல்லை. நீங்கள் காசு கட்டவில்லை என்பதோ அவர்களுடைய கணினியில் திகதியோடு இருக்கிறது. முதல் மாதம் தாமதம், இரண்டாம் மாதம் தாமதம், அப்புறம் லைனை வெட்டி மீதி மாதங்களுக்கான தொகையையும் சேர்த்துக் கேட்பார்கள், பிறகு டிஃபோல்ட். அது ஆறு வருடம் கிடக்கும். பின்னால் முழுக்கக் கட்டினாலும் "கட்டப்பட்டது" என்று ஒரு குறிப்பு சேரும், வரி போகாது.

இதையே வேறு வேறு விதமாகவும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சிம்மை உடைத்து எறிந்துவிட்டேன் என்கிறார் ஒருவர். பிஏசி (அதே இலக்கத்தை வேறு கொம்பனிக்குக் கொண்டுபோகும் குறியீடு) எடுத்து வேறு கொம்பனிக்கு மாறியாயிற்று, அதோடு முடிந்தது என்கிறார் இன்னொருவர். வேலைத்தலத்தில் ஒரு நண்பர் நிறுத்தினார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்கிறார்கள், அந்த நண்பர் வைத்திருந்தது நீண்ட கொன்ட்ராக்ட் இல்லாத 30 நாள் சிம் மட்டும் என்பது விசாரித்தால்தான் தெரியவருகிறது. வீடு மாறியவர்கள் பாடு இன்னும் மோசம். கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், கோர்ட் கடிதமும் அங்கேதான் போகும், பதில் வராததால் தீர்ப்பும் நிறுவனத்தின் பக்கமே விழும்.

சரி, வேறு என்னதான் செய்வது?

முதலில் நாட்களை எண்ணுங்கள். இணையத்திலோ தொலைபேசியிலோ எடுத்த கொன்ட்ராக்ட் என்றால், 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம், பாவித்த அளவுக்கான காசு மட்டும் கேட்பார்கள். கடையில் போய்க் கையெழுத்து வைத்தீர்களென்றால் சட்டப்படி அந்த உரிமை இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே 30 நாள் வரை நெட்வேர்க் பிடிக்காவிட்டால் திருப்பி எடுக்கிறோம் என்கின்றன, அதைக் கடையிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புதுப் போன் வந்த அன்றைக்கே ஊருக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டுகிறோம், அது வீட்டு வைஃபையில் போகும். வைஃபையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு அறையாக நடந்து பார்ப்பவரை நான் இன்னும் காணவில்லை. மூன்றாம் வாரத்தில்தான் தெரியவருகிறது, அதற்குள் 14 நாள் போய்விட்டது.

அப்புறம், பிழை நெட்வேர்க்கிலா போனிலா என்று பாருங்கள். உங்கள் சிம்மை இன்னொருவரின் போனில் போட்டுப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் மலிவான 30 நாள் சிம் ஒன்றை வாங்கி உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். 2021 டிசம்பருக்குப் பிறகு பிரித்தானியாவில் நிறுவனங்கள் பூட்டிய போனை விற்கக்கூடாது, எனவே புதுப் போனில் வேறு சிம் வேலை செய்யும். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவந்த போன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜியில் கோல் எடுக்கும் வசதி இங்குள்ள நெட்வேர்க்கோடு ஒத்துப்போகாத போன்கள் 2ஜிக்கு இறங்கும், சில இடங்களில் அதுவும் கிடைக்காது. அது போனின் குறை, அதை வைத்து நிறுவனத்தோடு சண்டை பிடித்தால் தோற்பீர்கள்.

வைஃபை கோலிங்கை, அதாவது வீட்டு வைஃபை வழியாகக் கோல் எடுக்கும் வசதியை, போட்டுப் பாருங்கள் என்று கட்டாயம் சொல்வார்கள். பலர் கோபத்தில் "நான் ஏன் போடவேண்டும்" என்று மறுத்துவிடுகிறார்கள். போடுங்கள். போட்டும் சரிவரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மறுத்தால், நாங்கள் தீர்வு சொன்னோம், வாடிக்கையாளர் ஏற்கவில்லை என்று அதே மறுப்பைக் காட்டுவார்கள்.

இனி எழுதும் வேலை. நான் கையாண்டதில் மிகவும் சுலபமாக முடிந்தது ஒரு அம்மாவின் விஷயம். எழுபது வயது, ஆங்கிலம் அதிகம் தெரியாது. பேத்தியின் பாடசாலைக் கொப்பியில் 12 நாட்கள் தமிழிலேயே எழுதிவைத்திருந்தார்: திகதி, நேரம், எந்த அறை, எத்தனை கோடு, யாருக்கு எடுத்தது, கோல் எப்போது அறுந்தது. மகன் சில இடங்களில் ஸ்க்ரீன்ஷொட் எடுத்திருந்தார். கொன்ட்ராக்ட் எடுத்த அன்று நிறுவனத்தின் இணையத்தளத்தில் அவர்களுடைய போஸ்ட்கோடைப் போட்டபோது "வீட்டுக்குள்ளும் நல்லது" என்று வந்ததையும் சேமித்து வைத்திருந்தார். அந்தக் கொப்பியைத்தான் நாங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நிறுவனத்துக்கு அனுப்பினோம். நாலு வாரத்தில், கட்டணம் எதுவும் இல்லாமல் விடுவிக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்தது.

இணையத்தளத்தில் வந்ததைச் சேமித்து வைத்தது ஏன் முக்கியம் என்றால், எல்லாக் கொன்ட்ராக்ட்டிலும் "எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி இருக்கும், அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தரவேண்டும் என்கிறது. சேவையைப் பற்றி விற்பவர் உங்களிடம் சொல்லி, அதை நம்பி நீங்கள் எடுத்திருந்தால், அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தின் பகுதி என்றும் சொல்கிறது. கடைக்காரத் தம்பி வாயால் சொன்னதும் அதில் சேரும், நிரூபிப்பதுதான் கடினம். 2022 ஜூனிலிருந்து கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தச் சுருக்கம் ஒன்றை எழுத்தில் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒஃப்கொமின் விதி இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சிக்னல் நன்றாக இருந்த வீட்டிலிருந்து சிக்னல் இல்லாத வீட்டுக்கு நீங்களாக மாறிப்போனால், உங்கள் பக்கம் பலவீனம். கேட்டுப் பாருங்கள், சிலர் மனமிரங்கித் தொகையைக் குறைக்கிறார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தொலைபேசியில் பத்துத் தரம் கதைத்தேன் என்பது பெரும்பாலும் முறைப்பாடாகப் பதியப்படுவதில்லை. எதிரில் இருப்பவர் "தொழில்நுட்பக் கோளாறு" என்று பதிந்து, போனை நிறுத்திப் போடச் சொல்லிவிட்டு அடுத்த கோலை எடுப்பார். அதனால் எழுத்தில் அனுப்புங்கள். இது முறைப்பாடு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள், பதிவு இலக்கம் கேளுங்கள். எத்தனை நாளாக, எங்கே, என்ன நடக்கிறது, எடுக்கும்போது என்ன சொன்னார்கள், இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணமின்றி விடுவிக்கவேண்டும். அவ்வளவுதான். திட்டவேண்டாம், குடும்பக் கதை வேண்டாம், ஒரு பக்கம் போதும். இந்த நேரம் முழுக்கக் காசைக் கட்டிக்கொண்டே இருங்கள். வயிறு எரியும், தெரியும். கட்டுங்கள். வென்றால் திருப்பிக் கேட்கலாம்.

அவர்கள் "இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று எழுதினால் அது டெட்லொக் கடிதம், அதை வைத்து உடனே ஒம்புட்ஸ்மனிடம், அதாவது இப்படியான தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் சுயாதீன அமைப்பிடம், போகலாம். எழுதாமல் இழுத்தடித்தால் 8 வாரம் கழித்துப் போகலாம் என்பதுதான் நெடுங்கால விதி, அதை 6 வாரமாகக் குறைக்க ஒஃப்கொம் முடிவெடுத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் கொம்யூனிகேஷன்ஸ் ஒம்புட்ஸ்மன், சிசாஸ் என்ற இரண்டில் ஒன்றில் கட்டாயம் சேர்ந்திருக்கவேண்டும், எது என்று அவர்களுடைய தளத்தில் இருக்கும். உங்களுக்குச் செலவு இல்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்படவேண்டும், நீங்கள் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நம் ஆட்கள் பாவிப்பதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வேதனை. பலர் ஒஃப்கொமுக்கே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், ஒஃப்கொம் தனிப்பட்டவர்களின் தகராறைத் தீர்த்துவைப்பதில்லை. புரோட்பாண்ட் பழுதானால் தானாக நட்டஈடு வருவதுபோல் கைபேசிக்கும் வரும் என்று நினைக்கிறார்கள், அந்த ஏற்பாடு கைபேசிக்கு இல்லை.

பிஏசி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஐஎன்எஃப்ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை 85075க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இப்போது வெளியேறினால் எவ்வளவு கேட்பார்கள் என்று பதில் வரும், அதற்குக் காசு இல்லை, அதைப் பார்ப்பதால் எதுவும் முறிந்தும் போகாது. பிஏசியை 65075இல் கேட்டு வாங்கிப் புது நிறுவனத்திடம் கொடுத்தால்தான் பழைய கொன்ட்ராக்ட் முடியும், கட்டணமும் கூடவே வரும். கட்டணம் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகு அதைச் செய்யுங்கள். போனுக்குத் தனிக் கடன், சிம்முக்குத் தனிக் கொன்ட்ராக்ட் என்று பிரித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிம்மிலிருந்து விடுபட்டாலும் போன் உங்கள் கையில் இருக்கும்வரை அதன் கடன் உங்களுடையது.

அந்தத் தம்பிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அவர் எடுத்த கோல்களின் பதிவுகளையும் குறிப்புகளையும் தரும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். தன்னைப் பற்றிய தரவை இலவசமாகக் கேட்டு வாங்குவது எவருக்கும் உள்ள உரிமை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். அந்தப் பத்துக் கோல்களும் அதில் இருந்தால், டிஃபோல்ட்டை நீக்கும்படி முறைப்பாடு செய்யப் பிடி கிடைக்கும். அதுவரை, நடந்ததைச் சொல்லி 200 சொற்களுக்குள் ஒரு விளக்கக் குறிப்பைக் கிரெடிட் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வீடு இந்த வருடம் கிடைக்குமா என்று மனைவி கேட்டார். ஆம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்களில் யாராவது ஏற்கனவே நிறுத்திவிட்டு இருந்தால், வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ பக்கத்து ஆலோசனை மையத்திலோ இலவசமாகப் பார்ப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். வந்த கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிரிக்காமல் வைத்திருந்தால் பிரிக்காமலே கொண்டுபோங்கள், நாங்கள் சேர்ந்திருந்து பிரித்துப் பார்ப்போம்.