மோனோகுரோம் மோட் போடுங்க, ஆனா ரா-வை ஆஃப் பண்ணாதீங்க

போட்டோகிராபி கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட கேக்கறது இதுதான், பிளாக் அண்ட் ஒயிட் வேணும்னா கேமராவுலயே மோனோகுரோம் போட்டு எடுக்கணுமா இல்ல கலர்ல எடுத்துட்டு அப்புறம் மாத்திக்கணுமா. மோனோகுரோம் தாராளமா போடுங்க, ஆனா கூடவே ரா ஃபைலும் (சென்சார் பதிவு பண்ணதை அப்படியே வச்சிருக்கற ஃபைல்) இருக்கணும், வெறும் ஜேபெக் (கேமராவே படமா மாத்தி சுருக்கிக் குடுக்கற ஃபைல்) வேணாம். இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

ஆரம்பத்துல ஒரு பொண்ணுக்கு போர்ட்ரெயிட் எடுத்தேன். சிவப்பு டிரஸ், பின்னாடி அடர்த்தியா பச்சைச் செடி, நேர்ல பாக்க அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. கார்டுல இடம் மிச்சம் பண்றேன் பேர்வழின்னு ரா-வை ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் மோனோகுரோம் ஜேபெக்லயே எடுத்து முடிச்சேன். வீட்டுக்கு வந்து பெரிய ஸ்கிரீன்ல போட்டா டிரஸ் எங்க முடியுது செடி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல, ரெண்டும் ஒரே சாம்பல், நடுவுல முகம் மட்டும் தனியா மிதக்குது. இதுல அவங்க கலர்லயும் ரெண்டு குடுங்கன்னு வேற கேட்டாங்க. முழிச்சேன்.

சாதாரண கேமரா சென்சார் எப்பவும் கலர்லதான் பாக்குது. கோடாக்ல வேலை பாத்த பிரைஸ் பேயர் 1976-ல பேட்டன்ட் வாங்கின டிசைன்தான் இன்னிக்கும் பெரும்பாலான கேமராவுல இருக்கு, சென்சார் மேல பாதி கட்டம் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். (2012-ல வந்த லைக்கா எம் மோனோகுரோம் மாதிரி கலர் ஃபில்டரே இல்லாத கேமராவும் இருக்கு, அது தனிக் கதை.) இந்த மூணு கலரையும் கலந்து ஒரு சாம்பலா மாத்தறப்ப ரொம்ப காலமா புழக்கத்துல இருக்கற கணக்கு பச்சைக்கு சுமார் 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அந்தக் கணக்குல சிவப்பும் பச்சையும் ஒரே அளவுக்கு வந்து நின்னா முடிஞ்சுது, என் டிரஸ்ஸும் செடியும் ஆன மாதிரிதான். ரா இருந்திருந்தா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சிவப்பு ஸ்லைடரை ஏத்தி பச்சையை இறக்கியிருப்பேன், டிரஸ் பளிச்சுன்னு முன்னாடி வந்திருக்கும். ஃபிலிம் காலத்துல இதுக்கு லென்ஸ்ல ஃபில்டர் மாட்டணும், 25-ம் நம்பர் சிவப்பு மாட்டினா 3 ஸ்டாப் வெளிச்சம் காலி, அதாவது எட்டுல ஒரு பங்குதான் உள்ள வரும். இப்ப உக்காந்த இடத்துல பண்றோம்.

இன்னொண்ணு, ஜேபெக்ல கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் 256 படிதான், 14 பிட் ரா-வுல ஒவ்வொரு கலருக்கும் 16384. மோனோ ஜேபெக்ல வானத்தை ரொம்ப இருட்டாக்கிப் பாருங்க, பட்டை பட்டையா வரி விழும்.

அதனால நான் பண்றது ரா பிளஸ் ஜேபெக், மோனோகுரோம் ஆன். ஸ்கிரீன்ல கறுப்பு வெள்ளையா தெரியறதால லைட்டும் நிழலும்தான் கண்ணுல படும், கலர் ஏமாத்தாது. ரா-வை கம்ப்யூட்டர்ல திறந்தா சில சாஃப்ட்வேர்ல கலராத்தான் வரும், பயந்துடாதீங்க, செட்டிங் மறைஞ்சிருக்கே தவிர படம் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா ஒரு பொறி இருக்கு, மோனோ மோட்ல ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டற வரைபடம்) ஒரே மொத்தக் கணக்காத்தான் காட்டும், சிவப்புப் பூவை எடுக்கறப்ப சிவப்பு சேனல் மட்டும் அளவு மீறி வெடிச்சுப் போயிருந்தாலும் அதுல தெரியாது. நெகட்டிவ் ஃபிலிம்ல நிழலுக்கு எக்ஸ்போஷர் வைன்னு சொல்லிக் குடுப்பாங்க, டிஜிட்டல்ல தலைகீழ், ஹைலைட்டை, அதாவது ரொம்ப வெளிச்சமான இடங்களைக் காப்பாத்துங்க, போன வெள்ளை திரும்ப வராது.

எடிட்டிங்ல கை கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும். முகத்துல சிவப்பை ஏத்தினா பரு தழும்பு எல்லாம் மறையும், கூடவே உதடும் வெளுத்துக் காணாமப் போயிடும். நீலத்தை ரொம்ப இறக்கினா வானம் கம்பீரமா கறுக்கும்தான், ஆனா 100 சதவீதம் ஜூம் பண்ணி மலை விளிம்பைப் பாருங்க, வெள்ளையா ஒரு கோடு ஓடும், வானத்துல நாய்ஸ் மண்ணு மாதிரி கிளம்பியிருக்கும். அந்தக் கோடு தெரியறப்பவே ஸ்லைடரை ரெண்டு புள்ளி பின்னாடி இழுத்துடுவேன்.