'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது', சரி. யார் மேற்கொண்டது?

ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். சேப்பாக்கம், திருவல்லிக்கேணிப் பக்கம் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மாணவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள், ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று. ஒற்றுப் பார்க்கிறேன். ஆனால் வாய்மொழித் தேர்வில் அவர்கள் மாட்டிக்கொள்வது ஒற்றில் இல்லை.

போன மாதம் ஓர் ஏட்டில் இருந்த வாக்கியம்: "ஆய்வாளரால் மேற்கொள்ளப்பட்ட களஆய்வின் வாயிலாகப் பெறப்பட்ட தரவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டு முடிவுகள் கண்டறியப்பட்டுள்ளன."

"நீ என்னம்மா செய்தாய்?" என்று அதை எழுதிய மாணவியிடம் கேட்டேன். "காசிமேட்டில் மீன் விற்கிற 40 பெண்களிடம் பேசினேன் சார், விடியற்காலையிலேயே ஏலத்துக்குப் போய் உட்கார்ந்து அவர்கள் சொல்கிற மீன் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டேன்" என்றார். அத்தனை உழைப்பில் ஒரு துளிகூட அந்த வாக்கியத்தில் இல்லை!

அதையே எழுதச் சொன்னேன். 'நான்' என்று எழுதினால் நெறியாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்தார். நியாயமான பயம்தான், பல துறைகளில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. சரி, 'நான்' வேண்டாம். "காசிமேட்டில் மீன் விற்கும் 40 பெண்களிடம் நேர்காணல் செய்யப்பட்டது" என்றாவது எழுதலாமே? செயப்பாட்டு வினை குற்றமில்லை, அதற்குள் ஊரும் ஆளும் எண்ணிக்கையும் தொலைந்துபோவதுதான் குற்றம்.

அப்புறம் அடைமொழி. 'புதிய ஆசிரியர் பயிற்சி' என்றால் புதியது ஆசிரியரா, பயிற்சியா? எழுதியவருக்குத் தெரியும், புறத்தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? 'ஆசிரியர்களுக்கான புதிய பயிற்சி' என்று சொல்லை இடம் மாற்றினால் தீர்ந்தது.

நூலில் வரக்கூடாதவை என்று நன்னூலில் பவணந்தியார் சொன்ன பத்துக் குற்றங்களில், இப்படி இரண்டு பொருள் பட எழுதுவதற்கு 'மயங்க வைத்தல்' என்றே பெயர் இருக்கிறது. பத்திக்குப் பத்தி 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடிப்பது 'மிகைபடக் கூறல்'. முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் வரி மாறாமல் ஒட்டுவது 'கூறியது கூறல்'. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் இந்தப் பத்தையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள்தான், ஆனால் தன் இயலை எடுத்து அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

எழுத முடியாமல் திணறுகிற பத்தி இருந்தால், தாளை மூடிவைத்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி அதைப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கினால் போதும். அந்த மாணவி அப்படித்தான் செய்தார். திரும்பி வந்த இயலின் முதல் வரியிலேயே காசிமேடு இருந்தது.