க்ரஞ்ச் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

வீடியோ கேம் எப்படி உருவாகிறது என்று படிக்கப் போனால் அடிக்கடி கண்ணில் படுகிற சொல் க்ரஞ்ச். ஒரு கேம் வெளிவர வேண்டிய தேதிக்கு முன்னால் வாரக்கணக்கில், பல நேரம் மாதக்கணக்கில், ராத்திரியும் ஞாயிறும் சேர்த்து உழைப்பதுதான் அது. அது ஓவர்டைம்தானே என்று கேட்கலாம். இல்லை. ஓவர்டைம், அதாவது மிகைநேரப் பணி, மணிக்கணக்கு வைத்துக் கூலி கொடுப்பது. க்ரஞ்சில் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு மேல் எதுவும் வராது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொல்வார்கள், ஆனால் ஏழு மணிக்குப் பையைத் தூக்குகிறவர் மட்டும் எல்லார் கண்ணிலும் படுவார்.

சொல் பிறந்தது சத்தத்திலிருந்து. கடினமான ஒன்றைப் பல்லால் கடித்து நொறுக்கும்போது கேட்கிற ஒலிதான் ஆங்கிலத்தில் க்ரஞ்ச், நம்முடைய மொறுமொறு மாதிரி. 'நெருக்கடியான கட்டம்' என்ற பொருள் 1930களின் கடைசியில் சர்ச்சிலின் எழுத்து வழியாகப் பரவியது. அப்புறம் மென்பொருள் துறைக்கு வந்து, கேம் துறையில் நிலைத்துவிட்டது.

அங்கே ஏன் நிலைத்தது? ஒரு கேம் சுவாரசியமாக இருக்கிறதா என்பது விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். ஆறு மாதம் உழைத்துச் செய்த ஒரு கட்டம் சரியில்லை என்று தூக்கிப் போடுவார்கள், ஆனால் விளம்பரத்தில் சொன்ன தேதி அப்படியே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சோதனையாளர் கதாபாத்திரத்தை ஒரே சுவரின் மூலையில் திரும்பத் திரும்ப மோதவிட்டு, அது உள்ளே மாட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டினால் நிரலாளர் திருத்த வேண்டும், புது பில்ட், அதாவது திருத்தங்கள் சேர்த்த கேமின் புதுப் பதிப்பு, வர வேண்டும், மறுபடி அதே சுவர்.

2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (சுருக்கமாக ஈஏ) என்ற கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரை மணக்கவிருந்த பெண், 'ஈஏ ஸ்பவுஸ்', அதாவது ஈஏ ஊழியரின் துணை, என்ற பெயரில் ஒரு கடிதம் எழுதினார். காலை 9 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, வாரத்தில் ஏழு நாளும் வேலை, அதற்கு ஓவர்டைமும் கிடையாது, ஈடான விடுப்பும் கிடையாது என்று அதில் இருந்தது. ஊழியர்கள் போட்ட ஓவர்டைம் வழக்குகளில் அந்த நிறுவனம் ஓவியக் கலைஞர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரும், நிரலாளர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டது. அதோடு நின்றதா என்றால், இல்லை. சைபர்பங்க் 2077 கேமைச் செய்த சிடி ப்ராஜெக்ட் ரெட், கட்டாய க்ரஞ்ச் இருக்காது என்று 2019இல் சொல்லிவிட்டு, 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று அறிவித்தது. அக்டோபரில் கேம் 'கோல்டு' ஆனது. கோல்டு என்றால் வட்டில் ஏற்ற வேண்டிய பதிப்பு தயார், ஒருகாலத்தில் அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இப்போது வெளியீட்டு நாளன்றே ஒரு திருத்தத் தொகுப்பு வர வேண்டும் என்பதால் வேலை ஓய்வதில்லை. அந்த கேம் கோல்டு ஆன பிறகும் தள்ளிப்போய் டிசம்பர் 10 அன்றுதான் வந்தது.

சரி, தமிழில்? 'பணி நெருக்கடி' என்று எழுதுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. நெருக்கடி மழை மாதிரி தானாக வரும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. க்ரஞ்ச் அப்படி வருவதில்லை, தேதியை ஒருவர் குறிக்கிறார், ஆள் போதாது என்று தெரிந்தே குறிக்கிறார். நம்மிடம் ஏற்கெனவே 'சக்கையாய்ப் பிழிகிறார்கள்' என்ற வழக்கு இருக்கிறது. அதிலிருந்து 'பிழிபணி' என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, நடுவில் ப் போட்டுப் 'பிழிப்பணி' என்று எழுதிவிட வேண்டாம். பிழிந்த பணி, பிழிகிற பணி, பிழியும் பணி என மூன்று காலமும் இதற்குள் அடங்கும், ஒரு கேம் முடிந்து அடுத்த கேமில் மறுபடி தொடங்குகிற வேலைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

பிழிபணிக் காலம், பிழிபணிக் கலாச்சாரம் என்று நீட்டிக்கொள்ளலாம். வினையாக வரும்போது கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'நாங்கள் க்ரஞ்ச் செய்கிறோம்' என்று பாடுபடுகிறவரே எழுவாயாக நிற்பார். தமிழில் அதை 'எங்களைப் பிழிகிறார்கள்' என்று எழுதுங்கள்.