உயில் எழுத எந்த வக்கீலைப் பார்ப்பது?

சில வருடங்களுக்கு முன்பு ஓர் உயில் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஒரு டீக்கடைக்காரர். உயிலில் இருந்த இரண்டாவது சாட்சிக் கையெழுத்து அவருடையது. "பெரியவர் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "இல்லைங்க, பேப்பரைக் கடைக்குக் கொண்டு வந்தாங்க. கல்லா மேல வச்சுப் போட்டுக் கொடுத்தேன்" என்றார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். முதல் சாட்சி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வேறு வழியில் நிரூபிக்க முட்டி மோதிப் பார்த்தோம், எடுபடவில்லை. பதிவு செய்த உயில்தான், ஆனாலும் படுத்துவிட்டது. அந்த உயிலை நம்பி வழக்குப் போட்ட பெண்ணுக்கு வக்கீல் நான்.

1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63வது பிரிவு கேட்பது பெரிய விஷயமே இல்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண் முன்னால் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அதனால்தான் யாராவது வக்கீல் கேட்டு வந்தால், உயில் வழக்கை விசாரணை வரை நடத்தியவரைப் பாருங்கள் என்கிறேன். உயில் எங்கே உடையும் என்று அவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் பிள்ளைகள் 'எஸ்டேட் பிளானிங் லாயர்' என்று தேடுகிறார்கள். நம் தாலுகா கோர்ட் பக்கம் அப்படி ஒரு போர்டைப் பார்க்க முடியாது. சிவில் பக்கம் யார் நன்றாகப் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். விளம்பரத்தை வைத்தும் தேட முடியாது, பார் கவுன்சில் விதி வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், ஒருநாள் காலை உங்கள் ஊர் சப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். சிவில் வழக்குகளில் யார் நின்று குறுக்கு விசாரணை செய்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உயிலுக்கும் பத்திர எழுத்தரிடமே போகலாமே என்பீர்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையை அவர்கள் எழுதுகிற சுத்தம் பல வக்கீல்களுக்கு வராது. உயில் வேறு கதை.

முதல் நாளே "பத்திர ஜெராக்ஸும் ஆதாரும் கொடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் ரெடி" என்கிறவர் நமக்கு வேண்டாம். நல்ல வக்கீல் கேள்வியாகக் கேட்டுத் துளைப்பார். சொத்து நீங்கள் வாங்கியதா, பாட்டன் வழி வந்ததா? பூர்வீகம் என்றால் உங்கள் பங்கைத்தான் எழுத முடியும். 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. ஒரு பிள்ளையை ஒதுக்குகிறீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார், அந்தக் காரணத்தை உயிலிலேயே எழுதச் சொல்வார். மதத்தையும் கேட்பார். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் எழுதிவிட்டுப் பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி போட்டாயிற்றே என்பீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், அதனாலேயே சொத்துக்காரர் ஆகிவிட மாட்டார்.

"உயில் எதற்கு, செட்டில்மென்ட் எழுதிவிடலாமே" என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவரிடமும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அப்போதே கை மாறிவிடும், நினைத்தபோது நீங்களாக ரத்து செய்ய முடியாது. எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கிறாரா என்று பாருங்கள். பிறகு பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவில் செட்டில்மென்ட்டை ரத்து செய்யக் கேட்டுப் போய் நிற்க அந்த வரி உதவும்.

ஃபீஸை முதலிலேயே பேசிவிடுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். அதற்கென்று பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி உண்டு. 15100க்குப் போன் செய்யலாம்.

அப்புறம் ஒன்று. சொத்து யாருக்குப் போகிறதோ அவரே வக்கீலைப் பிடித்து, கார் வைத்து அழைத்து வந்து, பக்கத்திலும் உட்கார்ந்திருந்தால் பின்னால் கோர்ட் அந்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். போன மாதம் ஒரு பெரியவரை மகன் கூட்டி வந்தார். நானாக எதுவும் கேட்கும் முன் எல்லாவற்றுக்கும் மகனே பதில் சொன்னார். "தம்பி, கொஞ்சம் வெளியே இருங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வக்கீலய்யா, பொண்ணுக்கும் ஒரு பங்கு எழுதணும். வீட்ல வச்சு இதைச் சொல்ல முடியலை."